எல்ஸ்வர்த் துறையில் கண்ணாடிப் புள்ளி கண்ட வருஷம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் வருஷம் ஏப்ரல் மாதம் வரைக்கும், அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலிருக்கும் எல்ஸ்வர்த் துறையில் யாரும் தங்கள் காரின் முன்கண்ணாடியைப் பார்த்ததில்லை. அதன் வழியாகப் பார்த்திருக்கிறார்கள்: மழையை, மரம் ஏற்றிய லாரியை, முன்னால் ஆமை வேகத்தில் போகும் பாதிரியாரின் காரை. கண்ணாடியையே பார்ப்பதற்கு ஒரு காரணம் வேண்டாமா? அந்தக் காரணத்தை சியாட்டில் பத்திரிகைகள் கொடுத்தன.

வடக்கே சில ஊர்களில் கார்க் கண்ணாடிகளில் திடீரென்று குண்டூசித் தலை அளவில் குழிகள் விழுகின்றன என்று அவை எழுதின. போலீஸ் ஒரு பாலத்தை மறித்து விஷமிகளைத் தேடியதாம், ஒருவனும் அகப்படவில்லையாம். மார்ச் மாதம்தான் பசிபிக் கடலில் ஒரு ஹைட்ரஜன் குண்டு வெடித்திருந்தது. அதன் சாம்பல் எங்கோ ஜப்பானிய மீனவர்கள் மேல் விழுந்ததைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியவர்கள், இப்போது மெதுவாக எழுந்து போய்த் தங்கள் காரின் முன்னால் குனிந்தார்கள்.

குனிந்தவர்களுக்கெல்லாம் தரிசனம் கிடைத்தது.

முதலில் கண்டவர் பல் டாக்டர் வெண்டல் ப்ரௌட்டி. வாழ்நாள் முழுக்கப் பிறர் வாயில் குழி தேடியவர் என்பதால் அவருக்கு இது சிரமமாக இல்லை. உடனே ஹால்வர் ஓஸ்பிக்குப் போன் செய்தார்.

"ஹால்வர், தொப்பியை மாட்டிக்கிட்டு வாங்க. வந்துடுச்சு."

"என்ன டாக்டர் வந்துடுச்சு?"

"நீங்க மூணு வருஷமா காத்துக்கிட்டிருந்தது."

ஓஸ்பி புதுக் காரும் பழைய காரும் விற்பவர். ஆனால் அது பிழைப்பு. அவருடைய பெருமை வேறு: அந்த ஊர் சிவில் பாதுகாப்புப் படையின் தலைவர். அரசாங்கம் அனுப்பிய வெள்ளைத் தலைக்கவசம், கைப்பட்டை, கதிர்வீச்சு அளக்கும் கருவி ஒன்று, அபாயச் சங்கு ஒன்று, இவ்வளவும் அவர் பொறுப்பில். சனிக்கிழமை நண்பகலில் சங்கை ஊதிப் பரிசோதிப்பார். ஊதினால் எல்லாரும் நிலவறைக்குள் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. ஊர் அதைக் கேட்டதும் சூப்பை அடுப்பிலிருந்து இறக்கும். சுற்றுவட்டாரத்தில் இவ்வளவு நேரப்படி சாப்பிடுகிற ஊர் வேறில்லை. தலைக்கவசத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் மனைவி ராக்னா, "பால் காய்ச்சற பாத்திரத்தைக் காணோம்னு பார்த்தேன்" என்பாள்.

ரஷ்யர்கள் எல்ஸ்வர்த் துறையைக் கண்டுகொள்ளாததில் ஓஸ்பிக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு. எனவே டாக்டர் கூப்பிட்டபோது அவர் பயந்தார் என்று சொன்னால் பாதிதான் உண்மை.

டாக்டரின் காரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஓஸ்பி கருவியை முடுக்கி இடது கையால் கண்ணாடிக்கருகே கொண்டுபோனார். டிக். டிக்டிக். டிக்டிக்டிக். கூட்டம் பேக்கரி வாசல் வரை பின்வாங்கியது. அவர் இடது மணிக்கட்டில் இருட்டிலும் மணி காட்டும் ரேடியக் கடிகாரம் கட்டியிருந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவரே உட்பட.

சாயங்காலத்துக்குள் ஊரே மாறிப்போயிற்று. கார்கள் முகத்தில் கால்மிதி, கம்பளி, மேசைவிரிப்பு, பழைய பத்திரிகை என்று எதையாவது கட்டிக்கொண்டு பல்வலிக்காரர்களைப் போல நின்றன. குண்டுச் சாம்பல் என்றார்கள் சிலர். கடற்படையின் புது ரேடியோக் கோபுரம் என்றார்கள் சிலர். மணற்பூச்சி கண்ணாடிக்குள் முட்டையிட்டிருக்கிறது, பொரிந்தால் தெரியும் என்றாள் தபாலாபீஸ் பெண்மணி. ஓஸ்பி ஜனாதிபதிக்கே தந்தி அடித்தார். 'விளக்கமில்லாத தாக்குதல், அந்நியச் சதி என்று அஞ்சுகிறேன், ஊர் உறுதியாக நிற்கிறது' என்று வாசகம். சியாட்டிலிலிருந்து ஒரு பத்திரிகைக்காரன் வந்து அவரைத் தலைக்கவசத்தோடு படம் பிடித்துப் போனான்.

இத்தனை சந்தடியில் ஓஸ்பி ஒரு விஷயத்தைத் தள்ளி வைத்திருந்தார். மறக்கவில்லை, தள்ளித்தான் வைத்திருந்தார். அது வைனோ கோர்ப்பியின் விஷயம்.

வைனோ ஃபின்லாந்துக்காரன். இளவயதில் மரம் ஏற்ற வந்த கப்பலிலிருந்து இறங்கினான்; திரும்ப ஏறவில்லை. ஊரில் கண்ணாடி போடுபவன் அவன் ஒருவன்தான். வீட்டு ஜன்னல், கடை முகப்பு, ஓஸ்பி விற்கும் பழைய கார்கள் எல்லாம் அவன் கைபட்டவை. கடல்நீர் உள்ளே வளைந்து வரும் இடத்தில் மரப்பலகையால் ஒரு சவுனா கட்டியிருந்தான். சனிக்கிழமைதோறும் அதில் கல்லைக் காய்ச்சித் தண்ணீர் தெளித்து, எழும் ஆவியில் அம்மணமாக உட்காருவான். பக்கத்துப் பலகையில், அதே கோலத்தில், ஓஸ்பி. கல்யாணமான காலத்திலிருந்து இதுதான் வழக்கம். அங்கே ஒரே ஒரு விதி. உள்ளே பொய் சொல்லக் கூடாது. பொய் சொல்ல வேண்டியிருந்தால் எழுந்து வாசலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். மீன் பிடித்த கதை சொல்லும்போதெல்லாம் ஓஸ்பி ஈர உடம்போடு எழுந்து வெளியே போவார். உள்ளேயிருந்து வைனோ சிரிப்பான்.

அந்தச் சவுனாவில்தான் மார்ச் மாதம் வைனோ கேட்டான்.

"பிரஜை ஆகறதுக்கு மறுபடி எழுதிப் போட்டிருக்கேன், ஹால்வர். இந்தத் தடவை கூப்பிட்டிருக்காங்க. நம்பத்தகுந்த ரெண்டு பேர் சாட்சி சொல்லணுமாம். ஒண்ணு பாதிரியார். இன்னொண்ணு..."

"இதையெல்லாம் கேக்கணுமாய்யா? நான் வர்றேன்."

"கேக்கணும். அந்தப் பழைய தொழிலாளர் சங்கக் கூடத்தைப் பத்தி விசாரிப்பாங்க. சந்தா கட்டியிருக்கேன்ல."

"எதுக்குக் கட்டினே?"

"ஊர்ல நல்ல நடனத் தரை அங்கதான் இருந்துது. மேடையில புரட்சி நடந்துக்கிட்டிருக்கும், கீழே வால்ட்ஸ் நடக்கும். நான் கீழே இருந்தேன். நான் கட்டிக்கிட்ட ஐனோவை அங்கதான் பார்த்தேன்." கல்லின் மேல் தண்ணீர் தெளித்தான். ஆவியில் அவன் முகம் தெரியவில்லை. "இப்போல்லாம் இதுக்கே கம்யூனிஸ்ட்னு சொல்லிக் கப்பலேத்தி அனுப்பறாங்க. ஃபின்லாந்துல இப்போ எனக்கு யாரையும் தெரியாது. ஐனோ இங்க மேட்டுக் கல்லறையில இருக்கா. அவளை விட்டுட்டு நான் எங்க போறது?"

பிறகு கொடிக்கு முன் சொல்லும் உறுதிமொழியை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினான். ஓஸ்பி, அம்மணமாக இருந்தாலும், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

விசாரணைக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. அப்போதுதான் புள்ளி விழுந்தது.

வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். அன்று காலையில் ஓஸ்பி தம் விற்பனை மைதானத்தின் சேதத்தை மதிப்பிடப் போனார். பூதக்கண்ணாடியும் கருவியுமாகப் பழைய கார்கள் வரிசையைப் பார்த்தார்: அத்தனையிலும் குழி. புதுக் கார்கள் வரிசைக்கு வந்தார். ஒன்றுகூட இல்லை. அதே வானம், அதே மழை. பக்கத்துப் பக்கத்தில் நின்றவை. மறுபடி பார்த்தார். கண்ணாடி வழவழவென்று அவர் தலைக்கவசத்தைத் திருப்பிக் காட்டியது.

பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பின்கொட்டகைக்குப் போனார். அங்கே அவர் அப்பாவின் லாரி. யுத்தத்துக்கு முந்திய காலத்திலிருந்து தார்ப்பாய்க்குள்ளேயே கிடப்பது, அணுகுண்டைவிட வயதில் மூத்தது. தார்ப்பாயைத் தூக்கினார். கண்ணாடி முழுக்க அம்மைத் தழும்பு.

ரோட்டுக் கல். சரளை. மணல். வருஷக்கணக்கில் ஓடிய கண்ணாடி இப்படித்தான் இருக்கும். யாரும் இதுவரை பார்த்ததில்லை, அவ்வளவுதான். கையிலிருந்த கருவி வேறு டிக்டிக் என்றது. கடிகாரத்தைக் கழற்றித் தூர வைத்தார். கருவி வாயை மூடிக்கொண்டது.

தார்ப்பாயை இழுத்து மூடித் திரும்பினால், ராக்னா காபியோடு நிற்கிறாள்.

"அப்போ ஒண்ணுமில்லையா?" என்றாள்.

"என்ன ஒண்ணுமில்லை?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ராத்திரி கூட்டத்துல சொல்லிடு."

"ஜனாதிபதிக்குத் தந்தி போயிருக்கு, ராக்னா!"

"ஜனாதிபதி நிம்மதியா தூங்குவாரு, சொல்லிடு."

"நாளைக்குப் பேப்பர்ல படம் வருது. கண்ணாடியில மணல் பட்டதுக்குத் தந்தி அடிச்சவன்னு ஊரே சிரிக்கும். என்கிட்ட யார் கார் வாங்குவாங்க?"

"முட்டாள்கிட்ட கார் வாங்க ஜனங்களுக்குப் பிடிக்கும். ஏமாத்த மாட்டான்னு நம்புவாங்க" என்று சொல்லிவிட்டுக் காபியை லாரியின் மேல் வைத்துப் போய்விட்டாள்.

கூட்டம் நார்வேக்காரர் சங்கக் கூடத்தில். மேடையில் கொடி, மேசை, தண்ணீர்க் கூஜா, ஓஸ்பி. பின்னால் ராக்னாவும் மற்றப் பெண்களும் காபியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் வைனோ, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு.

டாக்டர் ப்ரௌட்டி எழுந்தார். ஊசி போடுவதற்கு முன் பேசுகிற அதே மெல்லிய குரல்.

"யாருக்கு லாபம்னு மட்டும் யோசிங்க. கண்ணாடி போனா நாம யார் வீட்டு வாசல்ல போய் நிக்கறோம்?"

"நான் நேத்தே போனேன்" என்றார் மளிகைக்கடைக்காரர். "கண்ணாடி தீந்துபோச்சுன்னான்."

"பார்த்தீங்களா! முன்கூட்டியே வாங்கி வெச்சிருந்தாத்தானே தீரும்?"

இதில் ஏதோ இடிக்கிறது என்று ஓரிருவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

"அவன் எந்தப் பேப்பர் படிக்கறான்னு தபால்காரரைக் கேளுங்க."

தபால்காரர் சங்கடத்தோடு எழுந்தார். "எனக்கு அந்த பாஷை தெரியாதுங்க. எழுத்து மேலெல்லாம் ரெண்டு ரெண்டு புள்ளியா இருக்கும்."

"புள்ளி" என்று கூடம் மூச்சு விட்டது.

வைனோ எழுந்தான். "கண்ணாடியில ஓட்டை போடறதுன்னா, ஹால்வரோட ஓட்டை வண்டிகள்லதான் முதல்ல போட்டிருப்பேன். பாதி வேலை மிச்சம்."

பழக்கதோஷத்தில் நாலு பேர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அந்த நிறுத்தம்தான் ஓஸ்பிக்குப் பயமாக இருந்தது.

"ஹால்வர்" என்றார் டாக்டர், "இவனுக்குச் சாட்சி சொல்லப் போறது நீங்கதானே? இன்னும் சொல்லுவீங்களா?"

எல்லா முகங்களும் மேடைப் பக்கம் திரும்பின. வைனோவும் பார்த்தான். அவன் பார்வையில் கெஞ்சல் இல்லை, சனிக்கிழமைப் பார்வைதான். 'மணல், ரோட்டுக் கல், எல்லாரும் வீட்டுக்குப் போங்க.' அவ்வளவு சொன்னால் போதும். ஓஸ்பி வாயைத் திறந்தார். தலைக்கவசம் நெற்றியில் இறங்கியது. அதைச் சரிசெய்யப் போன கை, அதோடு பேச்சையும் சரிசெய்துவிட்டது.

"இந்த விஷயத்தை ஆராய ஓர் உபகமிட்டி அமைக்கப்படும். அதன் முடிவு வரும்வரை யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். சந்தேகப்படாமல் அசட்டையாகவும் இருந்துவிட வேண்டாம்."

கைதட்டல் பலமாக இருந்தது. பின்னால் ராக்னா யாருடைய கோப்பையிலோ காபி வழிய வழிய ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. வைனோவின் புகைக்கூண்டில் வழக்கம்போலப் புகை. போகாமலிருந்தால் தப்பாகத் தெரியும் என்று ஓஸ்பி துண்டை எடுத்துக்கொண்டு போனார். வைனோ நகர்ந்து இடம் விட்டான். கரண்டியால் கல்லில் தண்ணீர் தெளித்தான்.

"ஜன்னல்ல ராத்திரி கல் விழுந்துது" என்றான் வைனோ. "என் ஜன்னலுக்கு நானே கண்ணாடி போட்டுக்கணும். நல்ல வியாபாரம், டாக்டர் சொன்ன மாதிரி." பிறகு, "ஹால்வர், உனக்கு என்ன தோணுது? அந்தப் புள்ளி என்னது?"

வாசல் இரண்டடியில்தான் இருந்தது. எழுந்து போயிருக்கலாம். ஓஸ்பி உட்கார்ந்த இடத்திலேயே சொன்னார்: "யாருக்குத் தெரியும்? ஆராய்ச்சி நடக்குது."

வைனோ தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி தண்ணீர் தெளித்தான்.

விசாரணை நாள் வந்தது. மாவட்டக் கோர்ட்டுக்குப் பாதிரியார் தம் ஆமை வண்டியில் முன்னமே கிளம்பிவிட்டார். ஓஸ்பி வைனோவைத் தம் காரில் ஏற்றிக்கொண்டார். தாம் வந்ததே பெரிய தியாகம் என்ற நினைப்பு அவருக்கு. டாக்டர் ரோட்டில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியதைக்கூட ஒரு விழுப்புண்ணாக எண்ணிக்கொண்டார். கோர்ட்டுக்கு எதிரே கடைக் கண்ணாடிக்குள் ஒரு டெலிவிஷன் ஓடியது. செனட்டர்களும் ராணுவத்தாரும் ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சாட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நடைபாதையில் ஜனங்கள் பந்தயம் பார்ப்பதுபோல நின்று பார்த்தார்கள்.

அதிகாரி சோர்ந்த முகத்து மனிதர். பாதிரியாரைச் சீக்கிரம் முடித்தார். ஓஸ்பி சத்தியம் செய்து உட்கார்ந்ததும் மேசை மேலிருந்த பத்திரிகையைத் திருப்பி வைத்தார். தலைக்கவசத்தோடு ஓஸ்பி.

"இது நீங்கதானே? அந்நியச் சதின்னு ஜனாதிபதிக்குத் தந்தி அடிச்சவர்?"

"ஆமாங்க."

"அதே ஊர்ல இருக்கற அந்நியர் ஒருத்தருக்கு, நல்லவர்னு சாட்சி சொல்ல வந்திருக்கீங்க. அதுவும் கண்ணாடிக்காரர். ரெண்டுல எது சரி?"

ஓஸ்பி உபகமிட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் வைனோ, கல்யாணத்துக்கும் ஐனோவின் சவ அடக்கத்துக்கும் போட்ட அதே கோட்டில், கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தான். ஓஸ்பியின் குரல் நடுவில் நின்றது.

"சதியெல்லாம் இல்லைங்க. ரோட்டுக் கல் பட்ட பழைய கண்ணாடி. எல்லாக் கார்லயும் முன்னாடியே இருந்துது. நாங்க பார்த்ததில்லை."

"இது உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"ஊர்க்கூட்டம் நடந்த அன்னைக்குக் காலையில."

"கூட்டத்துல சொன்னீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

கொடி, மேசை, கூஜா எல்லாம் இங்கேயும் இருந்தன. "வெக்கமா இருந்துது" என்றார் ஓஸ்பி.

தம் வாழ்நாளில் இவ்வளவு நேர்மையாக அவர் பேசியதில்லை. சத்தியமாகச் சொன்னால், அதிகாரி எழுந்து கைகொடுப்பார் என்றுகூட ஒரு கணம் எதிர்பார்த்தார். அதிகாரி பேனாவை மூடினார்.

"மிஸ்டர் ஓஸ்பி, சட்டம் நல்ல சாட்சி கேக்கலை. நம்பத்தகுந்த சாட்சி கேக்குது. இல்லாத சதியைப் பார்த்திருக்கீங்க, இல்லைன்னு தெரிஞ்சும் சும்மா இருந்திருக்கீங்க, இப்போ இவர் நல்லவர்ங்கறீங்க. உங்க வார்த்தையை வெச்சு நான் என்ன பண்றது?" வைனோவைப் பார்த்தார். "செப்டம்பர்ல வாங்க. வேற ஆளைக் கூட்டிக்கிட்டு வாங்க. ஆள் கிடைக்கலைன்னா உங்க சங்க விஷயத்தையும் சேர்த்துத்தான் முடிவு பண்ணுவோம்."

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்தபோதுதான் வைனோ கேட்டான். கண்ணாடியில் மழை விழுந்தது.

"வெள்ளிக்கிழமை காலையிலயே தெரியுமா?"

"ம்."

"சனிக்கிழமை கேட்டேனே."

"ம்."

"உள்ளே உக்காந்துக்கிட்டே சொன்னியே, ஹால்வர்."

அவ்வளவுதான் சொன்னான்.

மே மாதத்துக்குள் ஊர் புள்ளியை மறந்துவிட்டது. கால்மிதிகள் வாசலுக்குத் திரும்பின. இங்கிலாந்தில் எவனோ நான்கு நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடியது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பரீட்சார்த்தமாகப் போலியோ ஊசி போடுவது, தகரத் தட்டோடு அடுப்பில் வைத்துச் சாப்பிடும் உறைந்த சாப்பாடு என்று பேச எவ்வளவோ இருந்தது. உபகமிட்டி ஒருமுறைகூடக் கூடவில்லை. ஜனாதிபதி பதில் போடவில்லை.

ஓஸ்பி வைனோவுக்குச் சாட்சி தேடி வீடு வீடாகப் போனார். அந்த ஊரில் எல்லாருக்கும் கார் விற்றவர் அவர். கியர் விழாத வண்டியைக்கூடப் புகழ்ந்து தள்ளிவிட்டவர். இதை மட்டும் விற்க முடியவில்லை.

"நாங்க அவனை ஒண்ணும் சொல்லலையே?" என்றார் மளிகைக்காரர். "கூட்டமா? காபி நல்லா இருந்துதுன்னு ஞாபகம்."

"எனக்கு அவன்மேல ஒரு விரோதமும் கிடையாது" என்றார் டாக்டர் ப்ரௌட்டி. "சந்தேகப்படாம அசட்டையா இருக்க வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க? மேல் வரிசையில ஒரு பல் ஆடுது போலிருக்கே, வாயைத் திறங்க பார்ப்போம்."

ஆகஸ்டில் ஒரு நாள் ஓஸ்பி சமையலறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லை. எல்லாரையும் கேட்டுட்டேன்."

ராக்னா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

"நான் மினசோட்டாவுல பிறந்தவ. இந்த நாட்டுப் பிரஜைதான். ஐனோ படுக்கையில கிடந்தப்போ பார்த்துக்கிட்டது நான். அவளைக் குளிப்பாட்டிப் பெட்டியில வெச்சதும் நான்."

ஓஸ்பி நிமிர்ந்து பார்த்தார். இது அவருக்குத் தோன்றவே இல்லை.

"நீ ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீ கேப்பேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். பெருமைப்படாதே, அன்னைக்குக் கூட்டத்துல நானும்தான் வாயை மூடிக்கிட்டுக் காபி ஊத்தினேன்." துணியை உதறினாள். "உன்னைப் பத்தி விசாரிச்சா என்ன சொல்றதுன்னுதான் தெரியலை. சத்தியம் வேற பண்ணணுமாமே."

செப்டம்பரில் ராக்னா சாட்சி சொன்னாள். அதிகாரி அவளிடம் கண்ணாடியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. எத்தனை காலமாகத் தெரியும் என்று கேட்டார். அவள் ஐனோவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். போதும் என்று நிறுத்தினார். சங்கத்தைப் பற்றிக் கேட்டபோது, "அங்க எல்லாரும் ஆடத்தான் போனாங்க. நான்கூடப் போயிருக்கேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது" என்றாள். வாசலில் காத்திருந்த ஓஸ்பிக்கு இது பிறகுதான் தெரிந்தது.

வைனோ பிரஜையானான். கோடையில் உறுதிமொழியில் புதிதாகக் கடவுளைச் சேர்த்திருந்தார்கள். அவன் மறுபடி மனப்பாடம் செய்து, அந்த இடத்தில் ஒரு கணம் நின்று யோசித்துத்தான் சொன்னான். ராக்னாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். ஓஸ்பியிடம், "கூட்டிக்கிட்டு வந்ததுக்கு நன்றி" என்றான், டாக்சிக்காரனிடம் சொல்வதுபோல.

வந்த சனிக்கிழமை நண்பகல் சங்கு ஊதியது. ஊதியவர் டாக்டர் ப்ரௌட்டி. தலைக்கவசம் இப்போது அவர் தலையில். ஊர் சூப்பை இறக்கியது. சாயங்காலம் ஓஸ்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். நீரோரத்தில் வைனோவின் புகைக்கூண்டு தடித்த வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. ஏப்ரலுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது எல்லாம் முடிந்துவிட்டதல்லவா? துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ராக்னா பார்த்தாள்.

சவுனாவின் கதவிடுக்கில் ஆவி கசிந்தது. உள்ளே தண்ணீர் பட்டுக் கல் சீறுவது வெளியே கேட்டது. ஓஸ்பி கதவைத் தட்டினார்.

சீறல் அடங்கியது. கதவு திறந்தது. வைனோ, உடம்பெல்லாம் சிவந்து வேர்வை ஒழுக, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றான். ஒரு கணம் ஓஸ்பியைப் பார்த்தான். பிறகு படியைத் தாண்டி வெளியே குளிரில் வந்து, பின்னால் கதவை இழுத்து நன்றாகச் சாத்தினான். ஈரக் கால்களோடு புல்லில் நின்றுகொண்டு சொன்னான்:

"கல் இன்னும் சூடாகலை, ஹால்வர். இன்னைக்கு முடியாது போலிருக்கு."